பிரைமர் உரிகிறது, குழி விழுகிறது, கொப்பளிக்கிறது: வீட்டில் காரைப் பெயிண்டுக்குத் தயார் செய்யும்போது எங்கே தேடுவது

பழைய மாருதி 800, சென், சான்ட்ரோ, அம்பாசடர் என்று ஏதாவது ஒரு வண்டியை வீட்டு ஷெட்டில் நிறுத்தி நாமே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கலரைப் பற்றித்தான். எந்த ஸ்பிரே கன், எந்த கம்பெனி பெயிண்ட், எத்தனை கோட் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஆனால் வேலை கெடுவது அதற்கு வெகு முன்னாலேயே, தேய்க்கும்போதும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்க்கும்போதும் பிரைமர் (கலருக்கு அடியில் வரும் பூச்சு) அடிக்கும்போதும்தான். மேலே கண்ணுக்குத் தெரிகிற கோளாறுக்குக் காரணம் அதற்குக் கீழே இருக்கிற அடுக்கில்தான் அநேகமாக ஒளிந்திருக்கும். அதனால் எதையாவது பார்த்துப் பதறி அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மூடப் பார்க்காதீர்கள். இறங்கிப் போய், கெட்டியாக நிற்கிற அடுக்கு எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து திரும்ப ஏறி வாருங்கள். கீழே சொல்லியிருப்பது அப்படி இறங்கும்போது எந்த அடையாளத்துக்கு எங்கே தேட வேண்டும் என்பதுதான்.

(நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஒன்று: ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். அதே நிறம் என்றால் அந்த வேலை இல்லை.)

எதையும் தொடுவதற்கு முன்: வண்டி மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பழைய வண்டி என்றால் மூன்று நான்கு கை மாறியிருக்கும், ஒவ்வொரு கையிலும் யாராவது எங்காவது டச்சப் செய்திருப்பார்கள். ஒரு வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு நிமிடம் வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் தாராளமாக ஏறினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் வகை. கரையாமல் தோல் போலச் சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல், அல்லது இன்னும் முழுக்கக் காயாத ஏதோ ஒன்று. ஒன்றுமே ஆகாமல் சும்மா நின்றால் வண்டி கம்பெனியிலேயே அடித்த பெயிண்ட் அல்லது ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்) கலந்து அடித்த 2கே பெயிண்ட், அதை நம்பி மேலே அடிக்கலாம். பானட், நான்கு கதவு, டிக்கி, மட்கார்டு என்று ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகச் செய்து பாருங்கள், ஏனென்றால் ஒரே வண்டியில் கதவு ஒரு விதமாகவும் மட்கார்டு இன்னொரு விதமாகவும் இருப்பது சாதாரணம். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் பின்னால் சுருக்கம் வரும்போது எதனால் வந்தது என்றே புரியாது.

பிரைமர் நகத்தால் சுரண்டினாலே வருகிறது, மாஸ்கிங் டேப்பை எடுத்தால் டேப்போடு வருகிறது

இது ஒட்டவில்லை என்று அர்த்தம். எந்த அளவுக்கு என்று தெரிந்துகொள்ள, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கீறல் போட்டு, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாகப் பிரைமர் பெயர்ந்து வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும். பெயர்ந்த துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், விஷயம் அங்கே எழுதியிருக்கும்.

அடிப்பக்கம் பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால், கீழே இருந்த பழைய பெயிண்டின் பளபளப்பை நீங்கள் தேய்த்து எடுக்கவே இல்லை. பழைய பெயிண்ட் மேல் பிரைமர் அடிப்பதற்கு 320 அல்லது 400 நம்பர் தண்ணிப் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் எமரி பேப்பர், நம்பர் கூடக் கூட நைஸ்) போட்டு, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மினுக்கம் இல்லாத அளவுக்கு மங்க வைக்க வேண்டும். கைப்பிடிக் குழி, கதவின் உள் விளிம்பு, நம்பர் பிளேட்டைச் சுற்றியுள்ள இடம், பீடிங் (ரப்பர் பட்டை) ஓரம் இவைதான் தப்பிவிடும் இடங்கள். அங்கெல்லாம் பேப்பர் நுழையாது, சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நாரை மடக்கித் தேயுங்கள்.

அடிப்பக்கத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொடி ஒட்டியிருந்தால், தேய்த்த தூசியைத் துடைக்காமல் அடித்திருக்கிறீர்கள், அல்லது துரு நீக்கும் திரவத்தின் மிச்சம் அங்கே காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு நீக்கியைப் போட்ட பிறகு டப்பாவில் சொல்லியபடி கழுவி எடுக்காமல் விட்டால் அதன் மேல் எபாக்ஸி பிரைமர் (தகரத்தை ஈரம் புகாமல் அடைக்கும் பிரைமர்) ஒட்டாது. பாலியெஸ்டர் பட்டியும் அமில எட்ச் பிரைமர் (தகரத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் வகை) மேல் நேரடியாகப் போட்டால் சரியாக இறுகாது.

பம்பர் என்றால் கதையே வேறு. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் கலந்த பிளாஸ்டிக், பம்பரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் பி.பி. என்று தொடங்கும் முத்திரை இருக்கும். இந்தப் பிளாஸ்டிக் மேல் சாதாரணப் பிரைமர் நிற்கவே நிற்காது, பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற பிரைமரை மெல்லியதாக முதலில் அடிக்க வேண்டும். கடையில் புதிதாக வாங்கிய பெயிண்ட் அடிக்காத பம்பரில் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் போட்ட ஒரு வழுக்கும் பூச்சு வேறு இருக்கும். சோப்புத் தண்ணீரும் நாரும் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அடித்த உடனே வட்ட வட்டமாகக் குழி விழுந்து, நடுவில் கீழே உள்ளது தெரிகிறது

எண்ணெய் அல்லது சிலிக்கான். மழைத்துளி அளவுக்குப் பிரைமர் விலகி நின்று நடுவில் புள்ளி தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் நம் வீட்டிலேயே நிறைய இடத்தில் இருக்கிறது.

டாஷ்போர்டு பாலிஷும் டயர் பாலிஷும் முதல் குற்றவாளிகள், இரண்டிலும் சிலிக்கான் இருக்கும். பல வருடம் டயர் பாலிஷ் பூசிய வண்டியில் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் மட்டும் குழி விழுவதைப் பார்க்கலாம். பீடிங் கழற்றுவதற்காகவோ போல்ட் இளக்குவதற்காகவோ அடித்த டபிள்யூ.டி-40 போன்ற ஸ்பிரே இன்னொன்று. அப்புறம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம், பொட்டு ஒட்டுவதற்காகத் தொட்ட எண்ணெய், பானட் நடுவில் வருடா வருடம் அதே இடத்தில். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் வண்டியைத் தடவிப் பார்ப்பதும் போதும். தேய்த்து முடித்த பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்க்க ஆசைப்பட்டால் அவருக்கும் ஒன்று கொடுங்கள்.

துடைக்கிற துணியிலும் கவனம் வேண்டும். கிலோக் கணக்கில் விற்கிற பனியன் வேஸ்ட் மெத்தென்று இருக்கும், ஆனால் அந்த மென்மைக்காக ஆலையிலேயே சிலிக்கான் கலந்த மென்மையாக்கி போட்டிருக்க வாய்ப்பு உண்டு. பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணிதான் என்னைப் பொறுத்தவரை இதற்கு நல்லது. மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ துடைப்பதை விட்டுவிடுங்கள், இரண்டும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். பெயிண்ட் கடையில் மெழுகு, எண்ணெய் நீக்குவதற்கென்றே ஒரு சால்வென்ட் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஒரு கையில் நனைத்த துணி, இன்னொரு கையில் காய்ந்த துணி. நனைத்ததால் துடைத்த உடனே, அது தானாகக் காய்வதற்குள், காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காய விட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும், நீங்கள் இடம் மாற்றிப் பூசியதுதான் மிச்சம்.

துடைப்பது தேய்ப்பதற்கு முன்னாலும் ஒருமுறை, பின்னாலும் ஒருமுறை. முன்னால் துடைக்காமல் தேய்த்தால் எமரி பேப்பர் அந்த எண்ணெயைக் கீறல்களுக்குள் அழுத்தித் திணித்துவிடும்.

வண்டி சுத்தம்தான், ஆனாலும் குழி எல்லா இடத்திலும் சீராக விழுகிறது என்றால் கம்ப்ரஸரைச் சந்தேகப்படுங்கள். கன்னில் பிரைமர் ஊற்றாமல் வெறும் காற்றை ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டின் மேல் ஒரு நிமிடம் பிடியுங்கள். கண்ணாடியில் மங்கலோ துளியோ தெரிந்தால் காற்றோடு எண்ணெயோ தண்ணீரோ வருகிறது.

குழி விழுந்தாயிற்று, என்ன செய்வது? நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே தின்னர் துணியால் துடைத்து எடுத்துவிடுவது சின்னப் பகுதியில் சாத்தியம். இல்லையென்றால் முழுக்கக் காய விட்டு, குழிகள் மறையும் வரை தேய்த்து, சால்வென்டால் துடைத்து, முதல் கோட்டைத் தூவினாற்போல மெல்லியதாக அடித்து அது கொஞ்சம் இறுகிய பிறகு அடுத்ததை அடியுங்கள். குழிக்குள் இன்னும் கொஞ்சம் பிரைமரை நிரப்பினால் அதுவும் விலகி நிற்கும்.

சில நாள் கழித்துக் கொப்பளம்

அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மழை, அல்லது இரண்டு வாரம் வெயில், அதற்குப் பிறகு கடுகு அளவில் சின்னச் சின்ன மேடுகள். ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தாலோ உள்ளே ஈரம் தெரிந்தாலோ காரணம் அடைபட்ட ஈரம். உள்ளே பழுப்புப் பொடி இருந்தால் துரு, அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டு வேலையில் ஈரம் அடைபடுவது முக்கியமாகப் பட்டி வழியாகத்தான். பாலியெஸ்டர் பட்டியில் டால்க் பொடி நிறைய, பஞ்சு போலத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். தூசி பறக்கக் கூடாது என்பதற்காகப் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். 80-ல் உருவம் கொண்டுவந்து, 120, 180 என்று இறங்கி, 320 வரை வரலாம். தூசிக்கு மாஸ்க் போடுங்கள், ஷெட் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். ஏற்கெனவே தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே பிரைமர் அடிக்காதீர்கள், வெயிலில் நிறுத்தி உள்ளே வரை காய விடுங்கள், மேகமூட்டமான நாளில் அது நடக்காது.

பிரைமருக்கு மேல் தண்ணிப் பேப்பர் போடுவது தவறில்லை, ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். சென்னையில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு, பக்கெட்டில் வெள்ளைப் படிவு ஏறியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். அந்த உப்பு பிரைமருக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், பின்னால் படலத்தின் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அங்கே கொப்பளம் எழும்பும். தேய்ப்பதற்குப் போர்த் தண்ணீர் வேறு வழியில்லை என்றாலும், கடைசியாகக் கழுவுவதற்காவது நல்ல குடிதண்ணீர் இரண்டு பக்கெட் எடுத்து வையுங்கள். கழுவி முடித்ததும் பீடிங் இடுக்கு, கதவின் அடி மடிப்பு, விளக்குக் குழி இவற்றிலிருந்து தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லையென்றால் நீங்கள் ஸ்பிரே செய்யும்போது கன் காற்றே அதை இழுத்து வெளியே தெளிக்கும்.

கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். அழுத்தப்பட்ட காற்று சூடாக வெளிவந்து ஹோஸில் போகும்போதுதான் குளிர்ந்து தண்ணீராகும், ஆகவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டாமல், ஹோஸ் நீளத்தைத் தாண்டி கன் பக்கமாக மாட்டினால்தான் வேலை செய்யும்.

துரு திரும்ப எட்டிப் பார்க்கிறது

தகரத்தின் குழிக்குள் மிச்சம் இருந்த துரு அது. வயர் பிரஷால் தேய்த்தால் மேலே பளபளப்பாகிவிடும், குழியின் அடியில் கருப்புப் புள்ளிகள் இருக்கும், அந்தக் கருப்பும் துருதான். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அங்கே தகரமே இல்லை, பட்டி பார்த்து மூடினால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது, வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைக்க ஒரு டிங்கரிடம் போய்த்தான் ஆக வேண்டும். பழைய சின்ன வண்டிகளில் கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவின் உள் உதடு, பேட்டரி வைக்கிற தட்டு, டிக்கித் தரை விரிப்புக்கு அடியில், முன் கண்ணாடிப் பீடிங்குக்கு அடியில் இவற்றை முதலில் தேடுங்கள். கதவு அடியில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டைகள் இருக்கும், அவை மண்ணும் இலையும் அடைத்திருந்தால் வெளியே எவ்வளவு அழகாகப் பிரைமர் அடித்தாலும் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். கம்பி விட்டுக் குத்தித் திறங்கள், பிரைமர் அடிக்கும்போது அவற்றை மீண்டும் அடைத்துவிடாதீர்கள்.

தகரம் கெட்டியாக இருக்கிறது, குழி மட்டும்தான் என்றால் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கையோ வயர் கப்பையோ மாட்டி மிதமான வேகத்தில் விட்டு எடுங்கள். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்துவிடும், அப்புறம் அந்த நெளிவுக்கு வேறு பட்டி பார்க்க வேண்டியிருக்கும். மிச்சத்துக்குத் துரு மாற்றி போடலாம். டானிக் அமில வகை என்றால் துரு கருநீலமாக மாறும். மாறிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது டப்பாவுக்கு டப்பா வேறுபடும், சிலவற்றைக் கழுவ வேண்டும், சிலவற்றைக் கழுவக் கூடாது. அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து, எல்லோரும் தவறவிடுவது நேரம். வெறும் தகரம் தெரிகிற இடத்தைக் கடற்கரை ஊரில் ஒரு ராத்திரி விட்டாலே காலையில் மஞ்சளாகப் பூத்திருக்கும். சனிக்கிழமை முழு வண்டியையும் உரித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை பிரைமர் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு கதவு, ஒரு மட்கார்டு என்று எடுத்து, உரித்த அன்றே எபாக்ஸி பிரைமர் போட்டு மூடுங்கள். சாம்பல் நிறச் சர்ஃபேசர் பிரைமர் தேய்த்துச் சமப்படுத்துவதற்காக உள்ளது, அது ஈரத்தை உள்ளே விடும், அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியை மழையில் நிறுத்தினால் அதன் வழியாகவே துரு வரும். எபாக்ஸிதான் அடைப்பது. எங்கள் பக்கத்துக் காற்றுக்கு நான் எபாக்ஸியை முதலில் போட்டு, அதன் மேல் பட்டி, அதன் மேல் சர்ஃபேசர் என்கிற வரிசையையே விரும்புவேன். பட்டியை நேரடியாகத் தேய்த்த தகரத்தில் போடுகிற முறையும் உண்டு, அதுவும் நிற்கும், ஆனால் பட்டியைச் சுற்றி வெறும் தகரத்தை ஒரு நாள் கூட விடக்கூடாது.

பிரைமர் அடித்ததும் தோல் போலச் சுருங்குகிறது

முதல் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கீழே எனாமலோ, காயாத ஸ்பிரே டப்பா பெயிண்டோ இருக்கிறது, பிரைமரில் உள்ள தின்னர் அதை ஊற வைத்துத் தூக்கிவிட்டது. பழைய பெயிண்டும் புதுப் பட்டியும் சேருகிற ஓரங்களில்தான் முதலில் வரும், ஏனென்றால் அங்கேதான் பழைய அடுக்குகள் அறுபட்டுத் திறந்து கிடக்கின்றன. சுருங்கிய இடத்தைக் காய விட்டு அந்தப் பழைய பெயிண்டை முழுக்க எடுத்துவிடுவதுதான் உறுதியான தீர்வு. மெல்லிய கோட்டாகத் தூவித் தூவி அடித்தால் தப்பிக்கலாம் என்பார்கள், சில சமயம் தப்பிக்கலாம்தான், ஆனால் கலர் அடிக்கும்போது அதே தின்னர் மறுபடியும் உள்ளே இறங்கும், அப்போது இழப்பு பெரிது.

பட்டி இறுகாமல் பிசுபிசுக்கிறது, அல்லது கலரில் மஞ்சள் கறை தெரிகிறது

இரண்டும் ஹார்டனர் அளவு. 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம் ஹார்டனர். குறைந்தால் இறுகாது, கூடினால் மிச்சமான ஹார்டனர் மேலே ஏறி வெளிர் நிறக் கலரில் மஞ்சளாகக் கறை போடும். சித்திரை வைகாசி வெயிலில் பட்டி கையிலேயே இறுகிவிடுகிறதே என்று ஹார்டனரைக் குறைக்காதீர்கள், கலக்கும் அளவைக் குறையுங்கள், ஒரு தடவையில் நாலு நிமிடத்துக்குள் பூசி முடிக்கிற அளவு மட்டும், நிழலில் வைத்து. நிறம் கோடு கோடாக இல்லாமல் ஒரே சீராக வரும் வரை கலக்குங்கள், ஆனால் அடித்துக் கலக்காமல் அழுத்தி மடித்துக் கலக்குங்கள், இல்லையென்றால் காற்று புகுந்து ஊசித் துளைகள் வரும்.

அந்த ஊசித் துளைகளைப் பிரைமர் நிரப்பாது, மேலே பாலம் போட்டுவிட்டுப் பிறகு உள்ளே இறங்கும். ஃபைன் பட்டியைப் பிளேடால் அழுத்தி இழுத்து நிரப்புங்கள். டியூபில் வருகிற என்.சி. பட்டி சுலபமாக இருக்கும், ஆனால் அது தின்னர் ஆவியாகித்தான் காய்கிறது, கொஞ்சம் தடிமனாக வைத்தாலும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும்.

காய்ந்த பிறகு பட்டியின் ஓரம் வரைபடம் போலத் தெரிகிறது, தேய்த்த கோடுகள் மேலே வருகின்றன

இந்த ஒரு கோளாறுதான் வீட்டு வேலையையும் பட்டறை வேலையையும் பிரித்துக் காட்டுகிறது. நல்ல செய்தி, இதற்குப் பொறுமை மட்டும் போதும்.

ஓரம் தெரிவதற்கு ஒரு காரணம், பழைய பெயிண்டின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்காமல் படி மாதிரி விட்டிருப்பது. விளிம்பைத் தேய்த்தால் பெயிண்ட், பழைய பிரைமர், தகரம் என்று வளையம் வளையமாக நிறங்கள் தெரியும். அந்த வளையங்கள் எவ்வளவு அகலமோ அவ்வளவு சரிவு. நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயும் தடுக்கக் கூடாது. கண்ணை விட விரலையும் நகத்தையும் நம்புங்கள், மெல்லிய கையுறை போட்டுத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணம் அவசரம். 80 பேப்பரின் கீறலுக்கு மேல் தடியாகப் பிரைமர் அடித்து, மேலே காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்து, அன்றே கலரும் அடித்தால், கீறலுக்குள் இருக்கிற பிரைமர் அடுத்த வாரம் சுருங்கும்போது கோடு எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு கரடு பேப்பரின் கீறலையும் அடுத்த பேப்பர் எடுத்துவிட வேண்டும், 80-லிருந்து நேராக 320-க்குத் தாவக் கூடாது. கோட்டுக்குக் கோட் 10, 15 நிமிடம் விடுங்கள், ஈரப் பளபளப்பு முழுக்கப் போய் மங்க வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள்: மாவாக உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, பேப்பரில் உருண்டு உருண்டு ஒட்டினால் இன்னும் இல்லை.

சமமாக இருக்கிறதா என்பதற்குக் கைட் கோட் போடாமல் வேலை செய்யாதீர்கள். காய்ந்த பிரைமர் மேல் ஏதாவது ஒரு கருப்பு ஸ்பிரே டப்பாவைத் தூரத்திலிருந்து பனி போலத் தூவி விட்டு, ரப்பர் பிளாக்கில் பேப்பரைச் சுற்றி 400, பிறகு 600 என்று தேயுங்கள். பள்ளத்தில் கருப்பு தங்கும், மேட்டில் சாம்பல் நிறமோ தகரமோ சீக்கிரம் தெரியும். கருப்பு தங்கிய இடத்தை மட்டும் விடாமல் தோண்டினால் புதுப் பள்ளம்தான் வரும், சுற்றியுள்ள மேட்டைச் சேர்த்து நீளமாகத் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளங்கள் விழும், கலர் அடித்த பிறகு டியூப்லைட்டின் பிரதிபலிப்பு அங்கே நெளியும். சாதா நிறத்துக்கு 600 போதும், மெட்டாலிக் என்றால் 800 வரை போங்கள், மெட்டாலிக் ஒரு கீறலையும் மன்னிக்காது.

சொரசொரப்பு, ஆரஞ்சுத் தோல், வழிதல்

பிரைமரில் இவை பெரிய விஷயமில்லை, தேய்த்தால் போய்விடும். ஆனால் கலர் அடிக்கும்போதும் இதேதான் வரும் என்பதால் இங்கேயே கையைப் பழக்குங்கள். மணல் போல உலர்வாக விழுந்தால் கன் தூரம், அல்லது தகரம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் போல வந்தால் பிரைமர் கெட்டி, அல்லது காற்றழுத்தம் போதவில்லை. வழிந்தால் கன் பக்கம், அல்லது கை மெதுவாகப் போகிறது. 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், கையை விசிறி மாதிரி வளைக்காமல் தகரத்துக்கு இணையாக நகர்த்துங்கள், முந்தைய பட்டையில் பாதியை அடுத்தது மூட வேண்டும்.

பால் போல வெள்ளைப் படலம்

என்.சி. பிரைமரிலும் லேக்கரிலும் வருவது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன் மேல் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களிலும், மார்கழி அதிகாலையிலும் வேலையே வேண்டாம். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும் ஈரம் கூடிவிடும், காலை ஒன்பதுக்கு மேல் நிழலில் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது நல்லது. மாசி, பங்குனி இதற்கு வசதியான மாதங்கள். படலம் வந்துவிட்டால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்த மெல்லிய கோட் அதை எடுத்துவிடும்.

தின்னர் விஷயத்தில் இன்னொன்று. திறந்த டின்னிலிருந்து அளந்து ஊற்றுகிற மலிவுத் தின்னரை 2கே பிரைமரில் கலக்காதீர்கள். அதில் ஆல்கஹாலோ தண்ணீரோ இருந்தால் ஹார்டனர் அதோடு சேர்ந்து வீணாகும், பிரைமர் கடைசி வரை மெத்தென்றே இருக்கும். ஹார்டனர், தின்னர், பிரைமர் மூன்றையும் ஒரே கம்பெனியில், அந்த டின் சொல்கிற விகிதத்தில் வாங்குங்கள். 4 பங்குக்கு 1 என்பது பரவலான விகிதம், ஆனால் உங்கள் டின் வேறு சொன்னால் டின்தான் சரி.

நெஞ்சு அடைக்கிறது, இருமல் நிற்கவில்லை

இதுவும் ஓர் அடையாளம்தான், மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. 2கே பிரைமரின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். வாசனையை வைத்து அளவை உணர முடியாது. கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ எதையும் தடுக்காது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவருகிற முகமூடிதான் ஸ்பிரே அடிப்பவருக்கு உரிய பாதுகாப்பு. அது இல்லாமல் வீட்டில் 2கே ஸ்பிரே செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே நிறுத்தி வெளியே வாருங்கள், மருத்துவரிடம் என்ன பயன்படுத்தினீர்கள் என்று டின்னோடு காட்டுங்கள்.

ஸ்பிரே செய்யாமலும் பிரைமர் போடலாம். ரோலரால் பூசுவதற்கு ஏற்றது என்று கம்பெனி சொல்கிற பிரைமர்கள் உண்டு, சின்ன ஃபோம் ரோலரால் இரண்டு மூன்று மெல்லிய கோட் பூசினால் புகையாகக் காற்றில் பரவாது, எப்படியும் பிளாக் போட்டுத் தேய்க்கத்தானே போகிறோம், ரோலர் தடம் அதில் போய்விடும். அதற்கும் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிஜ் மாஸ்க், கையுறை, காற்றோட்டம் வேண்டும். தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு எதுவும் கூடாது, கம்ப்ரஸர் மோட்டாரையும் தள்ளி வையுங்கள்.

பிரைமர் அடித்து வாரக்கணக்கில் வண்டி அப்படியே நிற்கிறது, இனி என்ன?

நடுவில் மழை வந்துவிட்டது, பணம் தள்ளிப் போனது, லீவு கிடைக்கவில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். எபாக்ஸி என்றால் அதற்கு மேல் தேய்க்காமலே அடுத்தது அடிக்கலாம் என்கிற கால அளவு டின்னில் இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் ஸ்காட்ச் பிரைட்டோ 400 பேப்பரோ போட்டு மங்க வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், இல்லையென்றால் கலர் தாள் தாளாக உரியும். சர்ஃபேசர் மட்டும் அடித்து வெளியில் நின்ற வண்டி என்றால் அது ஈரம் குடித்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நல்ல வெயில் நாள் காய விட்டு, ஒவ்வொரு பகுதியிலும் ஓரிடத்தில் தகரம் வரை தேய்த்துத் திறந்து பாருங்கள். தகரம் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் 600 போட்டுத் தொடரலாம். பழுப்பாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு எபாக்ஸியிலிருந்து தொடங்குங்கள்.